பழைய லேப்டாப்பில் நேரம் நிற்க மாட்டேன் என்கிறதா? எவ்வளவு தப்பு என்று பாருங்கள்

லேப்டாப்பில் நேரம் தப்பாகக் காட்டுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "எவ்வளவு தப்பு?" என்பதைத்தான். பெரும்பாலும் "என்னமோ மாறிடுதுப்பா, சரி பண்ணினாலும் நிக்க மாட்டேங்குது" என்றுதான் பதில் வரும். அந்த "எவ்வளவு" தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பல வருஷம் பின்னால் போய் நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கும். சரியாக ஐந்தரை மணி நேரம் விலகுவதற்கு வேறு காரணம். பன்னிரண்டரை, பதின்மூன்றரை மணி நேரம் என்றால் இன்னொன்று. இதில் ஒன்றுக்குத்தான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும். மற்றதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே சரியாகிவிடும். ஆனால் எல்லாவற்றுக்கும் "ஓஎஸ் மாத்தணும்", இல்லையென்றால் "போர்டு போச்சு" என்று ஒரே பதில் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டு நல்ல மெஷினை மூட்டை கட்டிப் பரண் மேல் போட்ட வீடுகளை எனக்குத் தெரியும்.

அப்பா வைத்திருப்பது தங்கையின் லேப்டாப். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவள் பள்ளியில் வாங்கியது. வேலைக்குப் போனதும் அவள் வேறு வாங்கிக்கொண்டாள், இது அப்பாவிடம் வந்து சேர்ந்தது. காலையில் இ-பேப்பர், மாதம் ஒருமுறை பேங்க் கணக்கு, ஓய்வூதியர் சங்கத்துக் கடிதங்கள் என்று அவருக்கு அது நன்றாகவே போதும். மெயின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வீங்க ஆரம்பித்ததால் கழற்றியாகிவிட்டது. சார்ஜரில் மட்டும்தான் ஓடும். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

ஒருநாள் போன் வந்தது. "ஏம்ப்பா, பேங்க் சைட்டைத் திறந்தா ஆபத்துன்னு சிவப்பா வருது. யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" பேங்க் மட்டுமில்லை, எந்த சைட்டும் திறக்கவில்லை. வலது பக்கம் கீழே என்ன தேதி இருக்கிறது, படியுங்கள் என்றேன். "ஒண்ணு, ஒண்ணு, ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு" என்றார்.

தேதிக்கும் வெப்சைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு வியப்பு. சம்பந்தம் இதுதான். பூட்டுப் படம் போட்டுத் திறக்கிற ஒவ்வொரு சைட்டும் தன்னிடம் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். பிரவுசர் அதைத் தன் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இப்போதெல்லாம் சான்றிதழ்கள் நீண்ட காலத்துக்குத் தரப்படுவதில்லை. சான்றிதழ்களை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தருவது வழக்கமாக 90 நாளுக்குத்தான். 2012இல் இருப்பதாக நினைக்கிற லேப்டாப்புக்கு, இன்றைய சான்றிதழ் எல்லாமே இன்னும் செல்லத் தொடங்காத சான்றிதழ். அதனால் எல்லா சைட்டையும் ஆபத்து என்கிறது. குரோம் இதைக் கொஞ்சம் தெளிவாகவே சொல்லும்: "யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்". அந்தச் செய்தி வந்தால் வைரஸ், ஹேக் என்று பயப்பட வேண்டாம், முதலில் தேதியைப் பாருங்கள். ஆனால் "அட்வான்ஸ்டு" என்பதை அழுத்தி, பரவாயில்லை என்று உள்ளே மட்டும் போகாதீர்கள், அதுவும் பேங்க் சைட்டில். தேதி தப்பாக இருக்கும்போது நிஜமான போலி சைட்டும் அதே சிவப்புப் பக்கத்தைத்தான் காட்டும். உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது.

எனக்குப் போன் பண்ணுவதற்கு முன்னாலேயே அப்பா அதை ஒரு கடையில் கொடுத்து வாங்கியிருந்தார். ஓஎஸ் மாற்றிப் போட்டுக் கொடுத்தார்களாம். கடையில் இருந்தவரை நேரம் சரியாகவே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி கழிந்ததும் மறுபடி 2012. கடைக்காரர் அடுத்ததாக மதர்போர்டைக் கை காட்டியிருக்கிறார்.

ஊருக்குப் போனபோது நான் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. கொஞ்சம் கவனித்தேன். சில காலையில் நேரம் சரியாக இருந்தது, சில காலையில் 2012க்குப் போயிருந்தது. என்ன வித்தியாசம் என்று பார்த்தால், அம்மா. ராத்திரி படுக்கப் போகும் முன் டிவி, மிக்ஸி, சார்ஜர் என்று எல்லா பிளக் பாயிண்ட்டிலும் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பார். அவர் மறந்த நாளில் நேரம் தப்பவில்லை. அணைத்த நாளில் தப்பியது. கடையில் சரியாக இருந்ததும் இதனால்தான். அங்கே சார்ஜர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

இது ஏன் என்று புரிய, உள்ளே இரண்டு கடிகாரம் இருக்கிறது என்பது தெரிய வேண்டும். ஒன்று மதர்போர்டில் இருப்பது, ஆர்டிசி என்பார்கள். லேப்டாப்பை அணைத்தாலும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கென ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம், வினாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 வரும், அப்படித்தான் வினாடி பிறக்கிறது. சாதாரண குவார்ட்ஸ் கைக்கடிகாரத்திலும் இதே கணக்குதான். இன்னொரு கடிகாரம் விண்டோஸோ லினக்ஸோ, அந்த ஓஎஸ் தனக்குள் ஓட்டுவது. ஆன் ஆகும்போது ஆர்டிசியைப் பார்த்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். அதன்பின் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போகும், இன்டர்நெட் கிடைத்தால் சரிபார்த்துக்கொள்ளும்.

அணைத்திருக்கும்போது ஆர்டிசிக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? மெயின் பேட்டரி இருந்தால் பெரும்பாலும் அதிலிருந்து. சார்ஜர் செருகியிருந்தால் அதிலிருந்து. இரண்டும் இல்லையென்றால் மட்டும் காயின் செல்லிலிருந்து, அதாவது போர்டில் இருக்கும் நாணய வடிவச் சின்ன பேட்டரியிலிருந்து. கடைகளில் சிமாஸ் பேட்டரி என்று கேட்பது இதைத்தான். மெயின் பேட்டரி நன்றாக இருக்கிற லேப்டாப்பில் காயின் செல் செத்திருந்தால்கூட வெளியே தெரியாது. மெயின் பேட்டரியும் போய், சுவர் ஸ்விட்சையும் அணைத்த அன்றுதான் குட்டு உடைகிறது. பத்து வருஷம் தாண்டிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்தக் கோளாறு திடீரென்று முளைப்பதற்குக் காரணம் இதுதான். வயசு, அவ்வளவுதான். எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் அந்தச் செல்லுக்கு ஒரு ஆயுள் உண்டு.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்த ஏற்பாடே கிடையாது. ஆன் செய்யும்போதெல்லாம் டாஸ் என்ற அன்றைய ஓஎஸ் தேதியைக் கேட்கும், நாம்தான் அடிக்க வேண்டும். 1984இல் வந்த ஏடி மாடலில்தான் மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற சிப்பை பேட்டரியோடு வைத்தார்கள். அதில் மொத்தம் 64 பைட் இடம். 14 பைட் கடிகாரத்துக்கு, மீதி 50 பைட்டில் மெஷினின் செட்டிங்குகள். கடிகாரமும் செட்டிங்கும் ஒரே பேட்டரியில் பிழைக்கும் அந்த உறவு அன்று தொடங்கியது. அதனால்தான் இன்றும் பல மெஷின்களில் செல் செத்தால் தேதியோடு பயாஸ் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கும் சேர்ந்து போகிறது. ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் "சிமாஸ் செக்சம்" என்று ஏதோ பிழை காட்டி எஃப்1 அழுத்தச் சொன்னால் அதுதான் அர்த்தம். திங்க்பேட் லேப்டாப்புகளில் 0271 என்ற எண் வந்தால், தேதி நேரத்தைப் பார் என்று பொருள்.

செல்தான் காரணமா என்று திறக்காமலே உறுதி செய்யலாம். பயாஸுக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். சேமித்துவிட்டு லேப்டாப்பை அணையுங்கள். மெயின் பேட்டரி கழற்றுகிற வகை என்றால் கழற்றுங்கள், சார்ஜரையும் உருவிவிடுங்கள். மறுநாள் மறுபடி பயாஸுக்குள்தான் போய்ப் பார்க்க வேண்டும், விண்டோஸுக்குள் போய்ப் பார்த்தால் பயனில்லை. விண்டோஸ் ஏறி வைஃபை கிடைத்துவிட்டால், சில மணி நேர வித்தியாசத்தை அது திருத்திவிடும், கோளாறு மறைந்துவிடும். பயாஸில் பழைய தேதிக்கே போயிருந்தால் செல் போய்விட்டது. தேதி அப்படியே இருந்து, ராத்திரி அணைத்த நேரத்திலிருந்து கொஞ்சம்தான் நகர்ந்திருந்தால் செல் போய்க்கொண்டிருக்கிறது: நினைவை வைத்திருக்கப் போதுமான தெம்பு இருக்கிறது, படிகத்தை ஓட்டத்தான் போதவில்லை. இரண்டுமில்லாமல் நேரம் சரியாக இருந்தால் செல்லை விட்டுவிடுங்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

சரி, இனி திறக்கும் வேலை.

அதற்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் யாரும் செல்லைக் கழற்றக் கூடாது என்பேன். காரணம், செல்லைக் கழற்றியதும் செட்டிங் எல்லாம் ஃபேக்டரி நிலைக்குப் போகலாம். ஹார்ட் டிஸ்க் பக்கத்தில், டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ என்று இருந்தது ஐடிஇ என்றோ ரெய்டு என்றோ மாறிவிட்டால், விண்டோஸ் பாதியில் நீலத் திரை காட்டி நின்றுவிடும். டிஸ்க் போய்விட்டது என்று பதறுவார்கள். அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் போதும், எழுந்து உட்காரும். பழையபடி என்றால் எப்படி என்று தெரிய அந்தப் படம் வேண்டும். ஓஎஸ்ஸை எழுப்பும் முறை லெகசியா யுஇஎஃப்ஐயா என்பதும் அப்படித்தான். பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டுப் போட்ட லேப்டாப் என்றால் ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

சார்ஜரை உருவி (உங்களுடையதில் மெயின் பேட்டரி இருந்தால் அதையும் கழற்றுங்கள்), பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து மிச்ச கரண்ட்டை வடியவிட்டேன். எங்களுடையதில் கீழ் மூடியைத் திறந்ததுமே ரேம் பக்கத்தில் செல் தெரிந்தது. எல்லாவற்றிலும் இவ்வளவு சுலபம் இல்லை. சிலதில் கீபோர்டுக்கு அடியில் இருக்கும், சிலதில் போர்டையே கழற்றித் திருப்ப வேண்டும். உங்கள் மாடல் எண்ணோடு சர்வீஸ் மேனுவல் என்று தேடி, செல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, உங்களால் முடியுமா என்று முடிவு செய்யுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் டேப்பால் ஒட்டிவைப்பது என் வழக்கம். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் மேல்பக்கம் கைவைக்கிற பிளாஸ்டிக் புடைத்துக்கொண்டு வரும்.

டெஸ்க்டாப்பில் இருப்பதுபோல் இங்கே செல் வெறுமனே ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில லேப்டாப்பில் அப்படி இருக்கும். எங்களுடையதில் செல்லைச் சுற்றி மஞ்சள் பிளாஸ்டிக் உறை, அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர், முனையில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைக் கனெக்டர். ஒயரைப் பிடித்து இழுத்தால் கனெக்டர் போர்டோடு பிய்த்துக்கொண்டு வரும், அப்புறம் நிஜமாகவே போர்டு வேலைதான். பழைய ஏடிஎம் கார்டின் மூலையை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்து, கனெக்டரை மட்டும் அசைத்து அசைத்து எடுத்தேன். செல்லின் அடியில் டபுள் டேப் ஒட்டியிருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் 1 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது. இருக்க வேண்டியது 3. புதுசு என்றால் 3.2 வரைகூடக் காட்டும்.

உறைக்குள் என்ன செல் என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெயரிலேயே அளவு இருக்கிறது: சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். சிஆர்2025 கனம் 2.5. வோல்ட்டேஜ் ஒன்றுதான், ஆனால் கனம் மாறினால் கிண்ணத்தில் பிடிப்பு வராது, மூடி மூடாது. சின்ன லேப்டாப்புகளில் சிஆர்1220 இருக்கலாம்.

சிஆர் என்று இல்லாமல் எம்எல் என்று தொடங்கினால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது சார்ஜ் ஏறும் வகை, போர்டு அதற்குள் கரண்ட்டை ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் சாதாரண சிஆர் செல்லை வைத்தால், சார்ஜ் ஏற்றக் கூடாத லித்தியம் செல்லுக்கு சார்ஜ் ஏறும். ஒழுகலாம், வெடிக்கவும் கூடும். அதே எம்எல் வகையைத் தேடித்தான் போட வேண்டும், கிடைக்காவிட்டால் காத்திருக்க வேண்டும்.

ஒயர் வைத்த செல்லை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டு வாங்கினேன். தனிச் செல்லைவிடக் கொஞ்சம் விலை கூடுதல், ஆனாலும் ஓஎஸ் மாற்றக் கொடுத்த காசோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. கடையில் இரண்டைக் கவனிக்க வேண்டும். கனெக்டர் அளவு பொருந்த வேண்டும், அதற்குப் பழைய செல்லைக் கையோடு கொண்டுபோவதே வழி. அப்புறம் சிவப்பு ஒயர் கனெக்டரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பழையதோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கனெக்டர் ஒரேமாதிரி இருந்தாலும் ஒயர் இடம் மாறி வருவது உண்டு. மாறியிருந்தால் குண்டூசியால் கனெக்டரின் சின்ன நாக்கைத் தூக்கி, பின்னை உருவி, இடம் மாற்றிச் செருகலாம். வெறும் செல்லை வாங்கி, அதன் முதுகில் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். சூட்டில் செல் பாழாகும், சமயத்தில் வெடிக்கும். பற்றவைத்தே தீர வேண்டும் என்றால், தகடு ஒட்டியே வரும் செல் கிடைக்கிறது. அந்தத் தகட்டில் வையுங்கள்.

மாற்றியதும் முதல் தடவை ஆன் ஆகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், பிழைச் செய்தியும் காட்டும். பயாஸுக்குள் போய்த் தேதி வைத்து, எடுத்த படங்களோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிட்டுச் சேமித்தேன். ஸ்விட்சை வழக்கம்போல் அணைக்கும்படி அம்மாவிடம் சொன்னேன். காலையில் நேரம் சரியாக இருந்தது.

பழைய தேதி விட்டுப்போன குப்பையும் கொஞ்சம் இருந்தது. சங்கத்துக்கு அடித்த கடிதங்கள் சிலவற்றைக் காணோம் என்று அப்பா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கேயும் போகவில்லை. புதுசு மேலே இருக்கும்படி அடுக்கிய ஃபோல்டரில், 2012 ஜனவரி என்று முத்திரை விழுந்து அடிமட்டத்தில் கிடந்தன. புதிதாக மாறியதை மட்டும் காப்பி செய்யும் பேக்கப் மென்பொருள் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தப்பான தேதியில் சேமித்த ஃபைல்களைப் பழசு என்று நினைத்து அது தாண்டிப் போய்விடும்.

இங்கே ஒரு கேள்வி வரும். விண்டோஸில் தானாக நேரம் வைத்துக்கொள்ளும் வசதி ஆன் ஆகித்தானே இருந்தது, அது ஏன் 2012ஐத் திருத்தவில்லை? ஏனென்றால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. வீட்டில் தனியாக இருக்கிற கணினியில் வித்தியாசம் 54,000 வினாடிக்கு, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், ஏதோ தப்பு என்று எண்ணி விண்டோஸின் நேரச் சேவை தானாகத் திருத்தாமல் விட்டுவிடும். கையால் தேதியைக் கிட்டத்தட்ட சரியாக வைத்துவிட்டு "சிங்க் நவ்" அழுத்தினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

இத்தோடு அப்பாவின் லேப்டாப் கதை முடியவில்லை. விண்டோஸ் மிகவும் மெதுவாகிவிட்டதால் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். பழைய கடிதங்கள் விண்டோஸில் இருந்த பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்ததால் விண்டோஸையும் விட மனமில்லை அவருக்கு. இரண்டும் இருக்கட்டும் என்றார். கொஞ்ச நாளில் போன்: "பேட்டரி மறுபடி போயிடுச்சு போலப்பா, நேரம் தப்பா காட்டுது." எவ்வளவு தப்பு என்றேன். தேதி சரி, நிமிஷக் கணக்கில் பார்த்தால் அச்சாக ஐந்தரை மணி நேரம் பின்னால். செல் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யாது. லினக்ஸ் ஆர்டிசியில் யுடிசி நேரத்தை, அதாவது உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் அதே ஆர்டிசியில் இருப்பதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நமக்கும் யுடிசிக்கும் ஐந்தரை மணி நேரம். இலங்கையில் இருப்பவர்களுக்கும் இதே ஐந்தரைதான், சிங்கப்பூரில் என்றால் எட்டு மணி நேரம் விலகும்.

யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால் தீர்ந்தது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 (timedatectl set-local-rtc 1) என்று கொடுத்தால், அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். அல்லது விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் (TimeZoneInformation) என்ற இடத்தில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் (RealTimeIsUniversal) என்று ஒரு டிவேர்டு (DWORD) வகை மதிப்பை உண்டாக்கி 1 வைத்தால், விண்டோஸ் யுடிசிக்கு மாறும். இரண்டையும் செய்தால் மறுபடி எதிர்ப்பக்கம் விலகும், ஒன்றைத்தான் செய்ய வேண்டும். லினக்ஸ் முதல் வழியை எச்சரிக்கையோடுதான் அனுமதிக்கும், கோடைக்கு ஒரு மணி நேரம் நகர்த்தும் நாடுகளில் குழப்பம் வரும் என்பதால். இந்தியாவில் இப்போது அந்த வழக்கம் கிடையாது. போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தி வைத்திருந்தார்கள். நான் அப்பாவின் மெஷினில் லினக்ஸைத்தான் மாற்றினேன். ஒரே வரி வேலை.

பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி நேரம் விலகுகிற ரகம், புதிதாக ஓஎஸ் போட்டு வாங்கிய மெஷின்களில் அடிக்கடி வரும். போடும்போது நேர மண்டலத்தை மாற்றாமல் அமெரிக்காவின் பசிபிக் நேரத்திலேயே விட்டிருப்பார்கள். நண்பர் ஒருவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். தினமும் கையால் நேரத்தைச் சரி செய்வார், மறுநாள் பார்த்தால் மாறியிருக்கும். செல்லையும் மாற்றிப் பார்த்துவிட்டார். நேரத்தை மாற்றியது மெஷினேதான். மண்டலம் பசிபிக்கில் இருக்க, அவர் முள்ளை மட்டும் இந்திய நேரத்துக்கு நகர்த்தி வைப்பார், இன்டர்நெட் கிடைத்ததும் விண்டோஸ் அதைக் கடமையாகப் பசிபிக் நேரத்துக்குத் "திருத்தி"விடும். மண்டலத்தை சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று இருக்கும் ஐந்தரைக்கு மாற்றியதும் தீர்ந்தது. சரி செய்தாலும் தானாகவே மாறுகிறது என்று சொல்லும் யாரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஒரு பைசா செலவில்லை.

மாதத்துக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே போகிறதா? அதை விட்டுவிடுங்கள். அந்தப் படிகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகு இருந்தாலே நாளைக்கு 1.7 வினாடி, மாதத்துக்கு 50 வினாடி வந்துவிடும். இன்டர்நெட்டே இல்லாமல் பில் போட மட்டும் வைத்திருக்கும் மெஷின்களில் இது சேர்ந்துகொண்டே போகும். எப்போதாவது போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து சிங்க் செய்தால் போதும். நம் நாட்டு நேரத்தைப் பேணும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமே நேர சர்வர் வைத்திருக்கிறது. அதையும் கொடுக்கலாம், இயல்பாக இருக்கும் சர்வரே இருந்தாலும் குறையில்லை. அலுவலக வைஃபையில் மட்டும் சிங்க் ஆகவில்லை என்றால் நேரம் வந்து போகும் 123ஆம் போர்ட்டை (நெட்வொர்க் வழியை) அடைத்திருப்பார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணெதிரே நிமிஷக் கணக்கில் பின்தங்கினால், அப்போதும் காயின் செல்லைக் குறை சொல்ல முடியாது. ஓடும்போது எண்ணுவது ஓஎஸ்ஸின் கடிகாரம். பயாஸ் அப்டேட், டிரைவர் பக்கம் பாருங்கள்.

தேதி சரியான பிறகும் ஒன்றிரண்டு சைட் மட்டும் திறக்கவில்லை என்றால் அது நேரக் கோளாறு அல்ல. சைட்டுகளின் சான்றிதழை நம்பலாமா என்று பார்க்கப் பழைய விண்டோஸ்களில் இருந்த மூலச் சான்றிதழ்கள் சில காலாவதியாகிவிட்டன. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படி ஒன்று காலாவதியாகி, உலகம் முழுக்கப் பல பழைய மெஷின்களில் சைட்டுகள் திறக்காமல் போயின. ஓஎஸ் மாற்றுவதற்கு நியாயமான காரணம் இதுதான், கடிகாரம் அல்ல.

கழற்றிய செல்லை மேஜை மேல் விடாதீர்கள். 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும், செத்த செல்லாக இருந்தாலும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

புதுச் செல் போட்டும் ஒன்றிரண்டு மாதத்தில் செத்துவிட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிஆர்2032இல் ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். ஆர்டிசி இழுப்பது சில மைக்ரோஆம்பியர். 3 என்று வைத்தால் எட்டு வருஷம் வர வேண்டும். இரண்டு மாதத்தில் காலியானால் ஐம்பது மடங்குக்குப் பக்கத்தில் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அல்லது செல்லே போலி. நல்ல கடையில் வாங்கிய இன்னொரு செல்லை மீட்டரில் பார்த்துப் போட்டும் அதே கதை என்றால் போர்டில்தான் ஒழுக்கு. அதற்காக மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஸ்விட்சை அணைக்காமல் விட்டுப் பாருங்கள், அல்லது லினக்ஸ் போட்டுவிடுங்கள். எத்தனை வருஷம் பின்னால் இருந்தாலும், வைஃபை கிடைத்ததும் என்டிபி வழியாக, அதாவது இன்டர்நெட் நேர சர்வரிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி அதில் வைத்துவிடலாம். பிரவுசரைத் திறக்கும் முன் கடிகாரம் சரியாகியிருக்கும். செல்லே இல்லாமல் இப்படி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: அந்த மெஷினில் பயாஸ் தன் செட்டிங்கை மறக்கிறதா என்று பாருங்கள். மறந்தால், எடுத்த படங்களை போனில் அழிக்காமல் வைத்திருங்கள்.